உண்ணியை ஒழிக்க ஒரு வீடு போதாது

திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் நாய் வளர்க்கும் பல வீடுகளுக்கு இது பழகிய கதை. நாயைக் குளிப்பாட்டி, பவுடர் தூவி, காது மடலிலும் விரலிடுக்கிலும் இருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தாயிற்று. சில நாட்கள் நிம்மதியாகப் போகின்றன. பிறகு ஒரு மாலையில், படுக்கையறைச் சுவரில் பழுப்புப் புள்ளிகள் மேல்நோக்கி ஊர்ந்து போவது கண்ணில் படுகிறது. கதவு நிலையின் இடுக்கு, ஸ்விட்ச் போர்டின் பின்புறம், காலண்டர் மாட்டிய ஆணியின் ஓட்டை என்று தேடத் தேட வந்துகொண்டே இருக்கின்றன. வீட்டார் நாயின் மேல் பழி போடுகிறார்கள். சிலர் நாயைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். அதன் உடலில் ஒட்டியிருந்தவை அடுத்த வீட்டுக்குப் போகின்றன. சுவரில் இருந்தவை அங்கேயே தங்கிவிடுகின்றன.

ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதியில் வீடும் வீடும் சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் ஒரே மாடிப்படியைப் பல குடும்பங்கள் பயன்படுத்துகின்றன. மாடிப்படியின் அடியில் தெருநாய் படுத்திருக்கும். சந்தின் முனையில் எருமை கட்டியிருக்கும். மொட்டைமாடியில் புறாக் கூண்டு, பின்புறத்தில் சண்டைக்கோழி, மீன் வெட்டும் இடத்தைச் சுற்றிப் பூனைகள். இப்படி அமைந்த ஊரில் உண்ணி, தெள்ளுப்பூச்சி ஆகியவற்றின் தொல்லையை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகத் தீர்க்க முயல்வதால்தான் அது தீராமல் நீடிக்கிறது. இவற்றின் வாழ்க்கை முறையும், சென்னையில் நூறாண்டுக்கு மேலாக நடந்துள்ள ஆராய்ச்சியும் இதையே காட்டுகின்றன.

ஒரு பெண் உண்ணி போடும் கணக்கு

சென்னை நாய்களில் மிகுதியாகக் காணப்படுவது பழுப்பு நாய் உண்ணி. அறிவியல் பெயர் ரைபிசெஃபாலஸ் சாங்குனியஸ். உண்ணி இனங்களில் பெரும்பாலானவை காட்டையும் புல்வெளியையும் நம்பி வாழ்பவை. பழுப்பு நாய் உண்ணியோ மனிதர் கட்டிய வீட்டுக்குள்ளேயே முழு வாழ்நாளையும் கழிக்க வல்லது. அதற்கு வேண்டியது ஒரு நாயும் ஒரு விரிசலும்தான்.

பெண் உண்ணி நாயின் மேல் ஒரு வாரம் அல்லது அதற்கும் மேல் இரத்தம் குடித்து, ஆமணக்கு விதை போல உப்பிக் கீழே விழுகிறது. நிலத்தில் தங்காமல் சுவரேறி, இடுக்கு ஒன்றில் ஒளிந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஓர் உண்ணியின் முட்டைகள் 4,000 வரை போவது வழக்கம். முட்டையிலிருந்து ஆறு கால்களுடன் வரும் இளம் உண்ணி நாயைத் தேடிப் போய் இரத்தம் குடித்து மீண்டும் விழுகிறது. தோலுரித்து எட்டுக் கால்கள் பெறுகிறது. மறுபடியும் நாய், மறுபடியும் விழுதல், தோலுரித்தல். அதன் பிறகே அது முழு வளர்ச்சி அடைகிறது. ஆக, ஒரே வாழ்நாளில் மூன்று முறை நாயின் மேல் ஏறி மூன்று முறை இறங்குகிறது. சென்னை போன்ற வெப்பத்தில் இந்தச் சுற்று இரண்டு, மூன்று மாதங்களில் முடிந்துவிடும். வளர்ந்த உண்ணி உணவின்றி ஓராண்டுக்கும் மேல் உயிர்வாழக்கூடும். பூட்டிக் கிடந்த வீட்டில் புதிதாகக் குடிவந்தவரின் நாய்மேல் திடீரென்று உண்ணிகள் ஏறுவதற்கு இதுவே காரணம்.

தெள்ளுப்பூச்சியின் வழி வேறு. வளர்ந்த பூச்சி நாய், பூனையின் மேலேயே தங்குகிறது. ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். முட்டைகள் ஒட்டிக்கொள்வதில்லை; விலங்கு படுத்த சாக்கிலும் பாயிலும் மண்ணிலும் உதிர்கின்றன. புழுக்கள் வெளிச்சத்தைத் தவிர்த்துத் தூசிக்குள் புதைந்து, பெரிய பூச்சிகள் கழித்த காய்ந்த இரத்தத் துகளைத் தின்று வளர்கின்றன. பிறகு கூடு கட்டி உள்ளே காத்திருக்கின்றன. காலடி அதிர்வும் மூச்சுக்காற்றும் பட்டால் வெளியே குதிக்கின்றன. ஒரு வீட்டின் தெள்ளுப்பூச்சிகளை முட்டை முதல் வளர்ந்த பூச்சி வரை எண்ணினால், விலங்கின் மேல் இருப்பது நூற்றில் ஐந்து பங்கு அளவே என்பது பூச்சியியலாளர்களின் கணிப்பு. மீதி முழுவதும் தரையில் இருக்கிறது.

தெள்ளுப்பூச்சிப் புழுவுக்கு ஈரப்பதம் தேவை. காற்றின் ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அது பிழைக்காது. கடலோரக் காற்று அந்தக் குறையை இங்கே வைப்பதில்லை. குளிர்நாடுகளில் பனிக்காலம் இந்தப் பூச்சிகளின் பெருக்கத்தை ஓரளவு தடுத்துவிடும். சென்னைக்கு அந்த உதவி இல்லை. மார்கழி, தை மாதங்களில்கூட நாளின் சராசரி வெப்பம் சுமார் 25 டிகிரி. எனவே இங்கே ஆண்டு முழுவதும் உண்ணிப் பருவம்தான்.

கிண்டியில் தொடங்கிய ஆராய்ச்சி

உண்ணி பரப்பும் நாய்நோய்களைப் பற்றிய உலக அறிவில் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. கிண்டி கிங் நிறுவனம் 1899-இல் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய கிறிஸ்டோபர்ஸ், நாயின் இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும் பைரோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி உண்ணியின் உடலுக்குள் எப்படி வளர்கிறது என்பதை விவரித்து 1907-இல் ஆய்வறிக்கை வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு உண்ணியின் உடலமைப்பைப் பற்றியும் எழுதியிருந்தார். 1910-இல் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த பேட்டன், மெட்ராஸ் ஹன்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களின் இரத்தத்தில் அதுவரை அறியப்படாத, அளவில் சிறிய ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். நரியின் இரத்தத்திலும் அதுவே இருந்தது. அதற்கு அவர் இட்ட கிப்சோனி என்ற பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. பபேசியா கிப்சோனி என்ற பெயரில் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் கால்நடை மருத்துவர்கள் இன்று போராடும் நோய்க்கிருமி, முதன்முதலில் விவரிக்கப்பட்டது சென்னை நாய்களிடம்தான். பேட்டனும் கிராக் என்ற ஆய்வாளரும் சேர்ந்து எழுதிய மருத்துவப் பூச்சியியல் பாடநூலும் 1913-இல் சென்னையோடு தொடர்புடைய கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் வெளியீடாக வந்தது.

உண்ணி பரப்பும் இன்னொரு நாய்நோய் எர்லிக்கியா கேனிஸ் என்ற கிருமியால் வருவது. 1935-இல் அல்ஜீரியாவில் அடையாளம் காணப்பட்டது. 1944-இல் சென்னையில் இருப்பதாக முதலியார் என்ற கால்நடை மருத்துவர் இந்தியக் கால்நடை மருத்துவ இதழில் எழுதினார். இந்தியாவிலிருந்து வந்த முதல் பதிவாக ஆய்வாளர்கள் இன்றும் சுட்டுவது அதைத்தான். வியட்நாம் போரின்போது அமெரிக்க இராணுவம் தன் மோப்ப நாய்களை நூற்றுக்கணக்கில் பறிகொடுத்த பிறகே உலகம் இந்த நோயைக் கூர்ந்து பார்த்தது. வெள்ளணு, சிவப்பணு, தட்டணு மூன்றும் குறைந்து, மூக்கில் இரத்தம் கசிந்து நாய் மெலியும். 1903-இல் தொடங்கி, இப்போது வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு இந்த அறிகுறிகளோடு வரும் வளர்ப்பு நாய்கள் புதிதல்ல.

பபேசியா வந்த நாய்க்கு ஈறு வெளுத்துப் போகும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், கடும் காய்ச்சல் அடிக்கும். சாப்பிட மறுத்து ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். பல வீடுகளில் முதல் இரண்டு நாட்களை வெயில் உபாதை என்று கடத்திவிடுகிறார்கள். உண்ணி கடித்துச் சில மணி நேரத்திலேயே எர்லிக்கியா கிருமி நாயின் உடலுக்குள் போய்விட முடியும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே வாரம் ஒருநாள் உட்கார்ந்து உண்ணி பொறுக்குவது நாய்க்கு இதமளிக்குமே தவிர, நோயைத் தடுத்துவிடாது. ஏறிய உண்ணியை உடனே கொல்லும் மருந்து உடலில் எப்போதும் இருக்க வேண்டும்.

எலி, தானியம், துறைமுகம்

1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் சில ஆண்டுகளில் நாடு முழுவதும் பரவி, அடுத்த சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. எலியின் தெள்ளுப்பூச்சியே அதைப் பரப்புகிறது என்று 1898-இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் ஒரு சோதனையின் மூலம் காட்டினார். தொடக்கத்தில் அவரை நம்பியவர்கள் குறைவு. 1905-க்குப் பிறகு பம்பாயில் பிளேக் ஆய்வுக் குழு அதை ஐயமற நிறுவியது. சேலம், கோவை, நீலகிரிப் பக்கங்கள் பிளேக்கால் அல்லல்பட்டன. வெளியூர்ப் பயணிகளைக் கண்காணிக்க பிளேக் பாஸ்போர்ட் முறையைச் சென்னை மாகாணம் கொண்டுவந்தது. ஆனால் பம்பாயைப் போலவே துறைமுகமும் எலியும் நெரிசலும் கொண்ட சென்னை நகரம், பம்பாய் கண்ட பேரழிவைக் காணவில்லை.

ஏன் என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் கொழும்பு நகராட்சியின் நுண்ணுயிரியலாளர் ஹெர்ஸ்ட். எலித் தெள்ளுப்பூச்சி என்று ஒன்றாக எண்ணப்பட்டவற்றில் பல இனங்கள் உண்டு என்றும், பிளேக்கைத் திறம்படப் பரப்புவது கியோபிஸ் என்ற இனமே என்றும், சென்னையிலும் கொழும்பிலும் மிகுந்திருந்தது ஆஸ்டியா என்ற வேறோர் இனம் என்றும் அவர் வாதிட்டார். 1920-களில் கிராக் நாடெங்கும் எடுத்த தெள்ளுப்பூச்சிக் கணக்கும் சென்னையில் ஆஸ்டியாவே மிகுதி என்று காட்டியது. வெப்பம் உள்ளிட்ட வேறு காரணங்களும் பின்னர் பேசப்பட்டன. எந்த ஊரில் எந்தப் பூச்சி வாழ்கிறது என்ற கணக்கு மனித உயிரோடு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

பிளேக் இன்று வடசென்னையின் கவலையாக இல்லை. ஆனால் அதே எலித் தெள்ளுப்பூச்சி மியூரின் டைஃபஸ் என்ற காய்ச்சலையும் பரப்புகிறது. பூச்சியின் கழிவு கடிவாயில் பட்டு, நாம் சொறியும்போது உள்ளே போகிறது. தானியக் கிடங்கும் துறைமுகமும் உள்ள ஊர்களின் நோய் என்றே உலகெங்கும் பெயர்பெற்றது அது. கப்பல்களைப் பொறுத்தவரை கண்காணிப்பு இருக்கிறது: கப்பலைக் கட்டும் கயிறுகளில் எலித் தடுப்புத் தட்டுகள் மாட்டப்படுகின்றன, சர்வதேச சுகாதார விதிகளின்படி கப்பல்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சுகாதாரச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். துறைமுக மதிலுக்கு வெளியே உள்ள குடோன், லாரி செட், மளிகைக் கடை, குப்பைத் தொட்டி ஆகியவற்றுக்கு அப்படியொரு ஒழுங்கு இல்லை.

எலி ஒழிப்பில் இறங்குவோர் ஒரு வரிசையைக் கடைப்பிடிப்பது அவசியம். எலி செத்ததும் அதன் உடல் குளிர்கிறது. தெள்ளுப்பூச்சிகள் உடனே வேறு சூடான உடலைத் தேடி வெளியேறுகின்றன. அருகில் மனிதர் இருந்தால் மனிதர்மேல் ஏறும். ஆகவே பூச்சிமருந்து முதலில், எலிமருந்து பிறகு. பிளேக் தடுப்புப் பணிகளில் கற்ற இந்தப் பாடம் குடியிருப்புகளுக்கும் பொருந்தும். செத்த எலியைக் கையால் தொடாமல், முறத்தால் அள்ளிப் புதைப்பதும் இதனால்தான்.

காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

2025 தொடக்கத்தில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் உண்ணிக் காய்ச்சல் கூடியிருப்பதாகத் தமிழகப் பொது சுகாதாரத் துறை எச்சரித்தது. உடனே பலர் வீட்டு நாயைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அந்தச் சந்தேகம் தவறான இடத்தில் விழுந்தது. ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் அந்தக் காய்ச்சலைப் பரப்புவது நாய் உண்ணி இல்லை. புதரிலும் உயரப் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத வேறொரு சிற்றுயிரியின் இளம்பருவம். அதன் இருப்பு எலிகளையும் புதர்களையும் சார்ந்தது. எண்ணூர், மணலிப் பக்கம் ரயில் பாதை ஓரங்களிலும் காலி மனைகளிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் புதர்களும் குப்பை மேடுகளும் எலிகளுக்கு ஏற்ற இடங்கள்.

நாய் உண்ணியும் குற்றமற்றதென்று விட முடியாது. ரிக்கெட்சியா கொனோரி என்ற கிருமியை மனிதருக்கு ஏற்றி, இந்திய உண்ணி டைஃபஸ் என்ற காய்ச்சலை அது உண்டாக்கும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை செம்புள்ளிகள் பரவுவது அதன் அடையாளம். ஸ்க்ரப் டைஃபஸில் பலருக்குக் கடிபட்ட இடத்தில் வலியில்லாத கருத்த பொருக்கு இருக்கும். அது பெரும்பாலும் அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டி, மார்புக்கு அடியில் என மறைவான இடங்களில் இருப்பதால் நோயாளியே கவனித்திருக்க மாட்டார்.

ஸ்க்ரப் டைஃபஸ், மியூரின் டைஃபஸ், இந்திய உண்ணி டைஃபஸ் மூன்றுக்கும் டாக்சிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது. காலம் கடந்தால்தான் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் நரம்பு வழியே சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிறந்தது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் நிறுவியது. டெங்குப் பருவத்தில் எல்லாக் காய்ச்சலையும் டெங்கு என்றே எண்ணும் பழக்கம் இருப்பதால், ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சலோடு ஸ்டான்லி மருத்துவமனைக்கோ தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்கோ போகிறவர் மூன்று செய்திகளைத் தானாகவே சொல்ல வேண்டும்: வீட்டில் நாய் இருக்கிறதா, எலித் தொல்லை உண்டா, அண்மையில் புதர்ப் பக்கம் போனாரா.

தெள்ளுப்பூச்சி வழியாகக் குழந்தைகளுக்கு வரக்கூடிய இன்னொன்று நாடாப்புழு. நாயைக் கொஞ்சும் குழந்தை தவறிப் பூச்சியை விழுங்கிவிட்டால் அதன் வயிற்றில் புழு வளரும். அரிசி மணி அளவில் வெள்ளைத் துணுக்குகள் மலத்தில் தெரிந்தால், குழந்தைக்கும் நாய்க்கும் ஒருசேர மருந்து கொடுக்க வேண்டும்.

மருந்துகளும் அவற்றின் எல்லைகளும்

முன்பெல்லாம் பெரும்பாலும் சோப்பு, பவுடர், குளிப்பாட்டும் மருந்து ஆகியவையே பயன்பட்டன. இப்போது ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் போன்ற மெல்லும் மாத்திரைகள் வந்துவிட்டன. ஒன்று சுமார் பன்னிரண்டு வாரம், மற்றது ஒரு மாதம் வேலை செய்யும். உண்ணி ஏறி இரத்தம் குடித்ததும் சாகிறது, முட்டையிட வாய்ப்பில்லை. வலிப்பு வந்த நாய்களுக்கு இவற்றைக் கொடுக்கும் முன் கவனம் தேவை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. பிடரியில் ஊற்றும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும், மாதக்கணக்கில் வேலை செய்யும் கழுத்துப் பட்டையும் வேறு வழிகள். மாத்திரை ஒன்றின் விலையே பல நூறு ரூபாய் என்பதால் கூலிக் குடும்பங்கள் இன்னமும் பழைய மருந்துகளையே நம்புகின்றன.

பழைய மருந்துகளில்தான் ஆபத்தும் மிகுதி. அமிட்ராஸ் கலந்து குளிப்பாட்டுவது நாய் உண்ணிக்கு நல்ல மருந்து. பூனைக்கும் சிறு குட்டிக்கும் ஆகாது. அந்தப் பாட்டிலைச் சமையலறை அலமாரியில் வைத்து, தவறிக் குடித்து மயங்கி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் உள்ளன. மீதமான மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பதை அறவே நிறுத்த வேண்டும். பெர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு மருந்துகளை நாய் தாங்கும், பூனை தாங்காது. உடல் நடுங்கி வலிப்பு வந்து சாகும். காசிமேடு, ராயபுரம் வீடுகளில் நாயும் பூனையும் ஒரே சாக்கில் படுப்பது சகஜம் என்பதால், நாய்க்குப் பூசிய மருந்து காயும்வரை பூனையைத் தள்ளி வைப்பது கட்டாயம். ஐவர்மெக்டின் ஊசி கோலி போன்ற சில இன நாய்களின் உயிருக்கே ஆபத்தாகும்.

மாடு, எருமைகளுக்கு வருவது வேறு உண்ணி. அது ஒரே மாட்டின் மேல் மூன்று பருவத்தையும் முடித்துவிட்டுத் தொழுவத்து மண்ணில் முட்டையிடும். டெல்டாமெத்ரினை அளவில்லாமல் அடித்து அடித்து, இந்தியாவின் பல மாநிலங்களில் அந்த உண்ணி மருந்துக்கு எதிர்ப்பு பெற்றுவிட்டது. இதற்கு மாற்றாகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை முறை நாடெங்கும் பால் பண்ணையாளர்களிடம் சென்றிருக்கிறது. பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், உண்ணிச்செடி இலை, துளசி ஆகியவற்றை அரைத்து, நீரில் கரைத்து வடிகட்டி மாட்டின் மேலும் தொழுவ இடுக்குகளிலும் தெளிப்பது. மாட்டுக்கு ஏற்ற இதை நாய்க்கும் பூனைக்கும் அப்படியே பூசக் கூடாது. அவை உடலை நக்கும் பழக்கமுள்ளவை. பூண்டு அவற்றின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

வடசென்னைக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. பைரெத்ராய்டு மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. நாயைக் குளிப்பாட்டிய மருந்து நீரையும், மருந்தடிக்கும் பம்பைக் கழுவிய நீரையும் பக்கிங்காம் கால்வாயிலோ கொசஸ்தலை ஆற்றின் ஓரத்திலோ கொட்டினால், எண்ணூர் கழிமுகத்தில் இறால் பிடித்து வாழும் குடும்பங்களின் பிழைப்பில் கைவைப்பதாகும். 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவின் பாதிப்பைக் கண்ட அந்த நீர்நிலையால் மேலும் நஞ்சைத் தாங்க முடியாது. வலை காய்கிற இடத்திலும் கருவாடு உலர்த்தும் இடத்திலும் மருந்து தெளிக்கவே கூடாது.

வீட்டிலும் முற்றத்திலும்

உண்ணியைப் பிடுங்கும் முறையிலேயே பலர் தவறுகிறார்கள். தீக்குச்சியால் சுடுவதும் விரலால் நசுக்குவதும் கூடாது. நசுங்கிய உண்ணியின் உடல்நீர் கைப்புண்ணிலோ கண்ணிலோ பட்டாலும் கிருமி தொற்றும். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்பு நீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு மூடிவிட வேண்டும். காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரலிடுக்கில், வாலடியில் தேடினால் பெரும்பாலானவை அகப்படும்.

வீட்டைப் பொறுத்தவரை சிமென்ட்டும் சுண்ணாம்பும் மருந்துக்கு இணையானவை. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும்போது விரிசல்களை முதலில் அடைத்துவிட்டுப் பூசினால், உண்ணி முட்டையிடும் இடம் குறையும். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சுவரில் உட்காரும் விளிம்பு, மாடிப்படியின் அடிப்பகுதி ஆகிய மூன்றையும் விட்டுவிடக் கூடாது. நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி, நல்ல வெயிலில் உலர்த்தினால் தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் சாகும். மெத்தை, சோபா இடுக்குகளில் உள்ள தூசியைத் துடைத்தெடுத்து அன்றே அப்புறப்படுத்த வேண்டும்.

முற்றத்தில் பழைய டயர், உடைந்த பலகை, கிழிந்த வலை, அட்டைப் பெட்டிகள் குவிந்திருந்தால் எலிக்கும் உண்ணிக்கும் அங்கே ஒரே நேரத்தில் புகலிடம் கிடைக்கிறது. கோழிக் கூண்டும் புறாக் கூண்டும் வைத்திருப்போர் இரவில் விளக்கோடு போய்ப் பார்க்க வேண்டும். கோழி உண்ணி பகலில் மர இடுக்கில் ஒளிந்து இரவில் மட்டுமே வெளிவந்து இரத்தம் குடிக்கும். கோழிகளுக்குச் சுருளுயிரிக் காய்ச்சலையும் பரப்பும். கூண்டை மரத்துக்குப் பதில் கம்பியில் அமைத்தால் அது ஒளிய இடமிருக்காது.

தெருவே அலகு

இவ்வளவையும் ஒரு குடும்பம் முறையாகச் செய்தாலும், வாசலில் படுக்கும் தெருநாய்க்கு மருந்து கிடைக்காதவரை உண்ணி திரும்பி வரும். மாநகராட்சிக் கணக்குப்படி சென்னையின் தெருநாய்கள் 2018-இல் சுமார் 57,000. 2024-இல் சுமார் 1.8 லட்சம். நாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யும் வழியை இந்தியாவில் முதலில் வலியுறுத்தியதும் இதே நகரம்தான். புளூ கிராஸ் அமைப்பு 1960-களிலேயே அதைப் பேசியது. 1990-களின் நடுவில் மாநகராட்சி ஏற்றது. 2001-இல் தேசிய விதிகள் வந்தன. வெறிநோய்த் தடுப்பூசிப் பணியோடு உடல்மேல் வாழும் ஒட்டுண்ணிகளுக்கான மருந்தையும் சேர்த்துத் தெருநாய்களுக்குக் கொடுக்கும் திட்டத்தை மாநகராட்சி 2025-இல் கையில் எடுத்தது. சரியான தொடக்கம். ஆனால் ஆண்டுக்கு ஒரு தவணை மருந்து, இரண்டு மூன்று மாதச் சுழற்சியுள்ள உண்ணியைக் கட்டுப்படுத்தாது.

தெரு முழுவதையும் ஒரே நேரத்தில் கையாண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் எடுத்துக்காட்டு. அங்கே பழங்குடியினர் குடியிருப்புகளில் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் 2003 முதல் உயிர்களைப் பறித்துவந்தது. பரப்பியது இதே பழுப்பு நாய் உண்ணி. 2012-இல் சுமார் 500 வீடுகள் கொண்ட ஒரு பகுதியைத் தேர்ந்து, எல்லா நாய்களுக்கும் நீண்டநாள் வேலை செய்யும் கழுத்துப் பட்டை மாட்டினார்கள்; எல்லா முற்றங்களிலும் குறித்த இடைவெளியில் மருந்து தெளித்தார்கள். சில மாதங்களில் அந்தப் பகுதி நாய்களில் உண்ணி ஏறக்குறைய மறைந்துபோனது. பணி நடக்காத அண்டைப் பகுதிகளில் பாதிக்கும் மேற்பட்ட நாய்களின் மேல் உண்ணி இருந்தது.

வடசென்னையில் இதைச் செய்யத் தேவையான எல்லாமே கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. வேப்பேரியில் கால்நடைக் கல்லூரி, மாதவரத்தில் பல்கலைக்கழகம், கிண்டியில் ஆய்வகம், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டல அலுவலகங்கள், ஒவ்வொரு தெருவிலும் நாய்களுக்குச் சோறு வைக்கும் மனிதர்கள். தெருநாயைப் பிடிக்க வலையோடு வருபவரைக் கண்டால் நாய் ஓடும். சோறு வைப்பவரிடம் தானே வரும். மருந்து மாத்திரையைச் சோற்றோடு கொடுக்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. மாநகராட்சி அவர்களைப் பதிவு செய்து, கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை வழங்கினால், ஒவ்வொரு முறையும் நாய் பிடிக்கும் வண்டி அனுப்பும் செலவு மிச்சமாகும்.

முதலில் ஒரு தெருவையோ ஒரு ஹவுசிங் போர்டு பிளாக்கையோ எடுத்துக்கொண்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கலாம். அன்று வளர்ப்பு நாய், தெருநாய் அனைத்துக்கும் மருந்து, மாடிப்படியும் விரிசல்களும் அடைப்பு, குப்பை அகற்றல். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும். அதற்குப் பன்னிரண்டு வாரம் கழித்து மூன்றாம் முறை. இந்த மூன்று சுற்றுக்கான மாத்திரையையும் மருத்துவரையும் தர வேண்டியது மாநகராட்சியின் பொறுப்பு. அதை வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது குடியிருப்போர் சங்கங்களின் பொறுப்பு. இந்தக் கட்டுரையைப் படிக்கும் நாய் வளர்ப்போர், தங்கள் வீட்டு நாய்க்கு மருந்து வாங்கும் நாளில், வாசலில் படுக்கும் நாய்க்கும் ஒன்று சேர்த்து வாங்கித் தொடங்கலாம்.